காற்றாலையை எந்த ஆண்டில் கழித்தீர்கள்?

கேள்வி: திருப்பூரில் அப்பா முப்பது வருடமாக ஏற்றுமதிப் பனியன் கம்பெனி நடத்துகிறார். நிட்டிங், சாயம், தையல் எல்லாமே எங்களிடம்தான் இருந்தது. 2023இல் இரண்டு சாஃப்ட் ஃப்ளோ சாய மெஷின்களை விற்றுவிட்டு, சாய வேலையில் ஒரு பங்கை வெளியே ஜாப் வொர்க்குக்குக் கொடுக்கிறோம். உடுமலைப்பேட்டைப் பக்கம் 2005இல் போட்ட இரண்டு காற்றாலைகள் உண்டு. அந்த யூனிட்டை ஈ.பி. எங்கள் பில்லில் கழித்துக்கொள்கிறது. இப்போது ஜெர்மனி பையர் எங்கள் கார்பன் குறைப்புக்கு மூன்றாம் தரப்புச் சான்று கேட்கிறார். மூன்று மாதம் அவகாசம். 2021-22இல் 3,107 டன், 2024-25இல் 1,899 டன், ஆக 39 சதவீதம் குறைவு என்று எங்கள் கன்சல்டன்ட் கணக்குப் போட்டுத் தந்திருக்கிறார். அப்பா அதை பையருக்கு மெயிலிலும் சொல்லிவிட்டார். அதே கன்சல்டன்ட் பதினைந்து நாளில் சர்டிஃபிகேட் வாங்கித் தருகிறேன் என்கிறார்; மீதி டன்னுக்கு, வேறெங்கோ நடந்த குறைப்புக்கான பத்திரமான கார்பன் கிரெடிட் வாங்கிவிட்டால் டேகில் 'கார்பன் நியூட்ரல்' என்றே அச்சடிக்கலாமாம். கம்ப்ளையன்ஸ் என் பொறுப்பு. கையெழுத்துப் போட வேண்டியவளும் நான்தான். போடலாமா? கணக்குத் தாளை இணைத்திருக்கிறேன்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

அன்புச் சகோதரிக்கு,

போட வேண்டாம். இன்றைய நிலையில் அந்தத் தாளில் உங்கள் கையெழுத்து விழக் கூடாது. உங்கள் கம்பெனி குறைத்திருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அனுப்பியிருக்கும் தாளிலேயே அது தெரிகிறது. ஆனால் குறைந்தது 39 சதவீதம் இல்லை. உண்மையில் எவ்வளவு என்பதை அதே தாளை வைத்துக்கொண்டே பார்த்துவிடலாம். பேனாவும் கால்குலேட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தாளில் மூன்றே வரிகள்தான் பெரியவை. மின்சாரம்: அப்போது 20 லட்சம் யூனிட், இப்போது 17 லட்சம், அதில் காற்றாலை 5 லட்சத்தைக் கழித்து 12 லட்சம் என்று போட்டிருக்கிறார். யூனிட்டுக்கு 0.7 கிலோ என்று வைத்து 1,400 டன் 840 ஆகியிருக்கிறது. நிலக்கரி: 800 டன் எரித்தது 500 ஆகியிருக்கிறது. டன்னுக்கு 2 டன் கரியமில வாயு என்ற கணக்கில் 1,600 டன் 1,000 ஆகிவிட்டது. ஜெனரேட்டர் டீசல்: 40,000 லிட்டர் 22,000 ஆனது, லிட்டருக்கு 2.68 கிலோ வீதம் 107 டன் 59. கூட்டல் கழித்தலில் பிழை கிடையாது. பிழை, எதை எதோடு ஒப்பிட்டார் என்பதில் இருக்கிறது.

முதலில் காற்றாலை. அப்பா அதை 2005இல் போட்டார். அன்றிலிருந்து அது சுற்றிக்கொண்டிருக்கிறது, ஈ.பி. கழித்துக்கொண்டிருக்கிறது. 2021-22இலும் கழித்திருப்பார்கள், அந்த ஆண்டு உயரழுத்த மின் பில்லின் சரிக்கட்டல் பக்கத்தை எடுத்துப் பாருங்கள், காற்றாலை யூனிட் தனி வரியாக இருக்கும். உங்கள் கன்சல்டன்ட் 2024-25இல் மட்டும் கழித்துவிட்டு, ஒப்பிடும் அடிப்படை ஆண்டான 2021-22இல் கழிக்காமல் விட்டிருக்கிறார். இருபது வருடமாக இருக்கிற காற்றாலை மூன்று வருடத்தில் வந்த குறைப்பு ஆகாது. அப்போதும் சுமார் 5 லட்சம் யூனிட் என்று வைத்தால் 350 டன் இங்கேயே போய்விட்டது. 1,208 டன் குறைப்பில் 350 டன்.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு, பையரின் ஆள் நிச்சயம் கேட்பார். நிறுவனங்கள் தங்கள் உமிழ்வைக் கணக்கிடப் பின்பற்றும் விதித்தொகுப்பு ஜிஹெச்ஜி புரோட்டோகால். அதில் நீங்களே எரிப்பது ஸ்கோப் 1, வாங்கும் மின்சாரம் ஸ்கோப் 2, உங்களுக்காக வெளியே பிறர் செய்வது ஸ்கோப் 3. அதன் ஸ்கோப் 2 வழிகாட்டி 2015இல் வந்தது. வாங்கும் மின்சாரத்தை இரண்டு விதமாகக் கணக்கிட்டு இரண்டையும் காட்டச் சொல்கிறது அது. ஒன்று இடத்தை வைத்து: நீங்கள் எந்த கிரிட்டிலிருந்து இழுக்கிறீர்களோ அதன் சராசரி. தென்னகக் கிரிட் 2013 டிசம்பர் 31 அன்று தேசியக் கிரிட்டோடு இணைந்ததிலிருந்து நாடு முழுக்க ஒரே கிரிட்தான், மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் அதற்கான எண்ணை வெளியிடுகிறது. இந்தக் கணக்கில் உங்கள் காற்றாலைக்கு இடமே இல்லை. 20 லட்சம் யூனிட்டும் கிரிட் யூனிட்தான். மற்றது ஒப்பந்தத்தை வைத்து: எந்த மின்சாரத்துக்கு உங்களிடம் உரிமைப் பத்திரம் இருக்கிறதோ அது உங்களுடையது. காற்றாலையைக் கழிக்க முடிவது இங்கேதான். அதுவும் இரண்டு நிபந்தனையோடு. ஒன்று, அந்த மின்சாரத்தை ஈ.பி.க்கு விற்காமல் உங்கள் உபயோகத்துக்கே கொண்டுவந்திருக்க வேண்டும். மற்றது, அதன் பசுமை உரிமையைச் சான்றிதழாக வேறு யாருக்கும் விற்றிருக்கக் கூடாது. விற்றிருந்தால் வாங்கியவர்தான் அதைச் சொல்லிக்கொள்ளலாம், நீங்கள் சொல்லக் கூடாது. அப்பாவிடம் இதை நேரடியாகக் கேட்டுவிடுங்கள். திருப்பூரில் காற்றாலை வைத்திருப்பவர்கள் பலருக்கும் அந்தப் பழைய ஒப்பந்தத்தின் விவரம் நினைவில் இருப்பதில்லை, ஆடிட்டரின் ஃபைலில் தூங்கிக்கொண்டிருக்கும்.

அடுத்தது பாய்லர். என் மனம் அதிகம் நின்றது இங்கேதான், ஏனென்றால் உங்கள் கம்பெனி நிஜமாகவே சாதித்ததும் இந்த வரியில்தான் ஒளிந்துகிடக்கிறது.

2021-22இல் உங்கள் பட்டறையில் சாயம் ஏறிய துணி 1,200 டன். 2024-25இல் உள்ளே 840 டன், வெளியே 310 டன், மொத்தம் 1,150. உற்பத்திப் பதிவேட்டின் நகல் பின்பக்கம் இருந்ததால் இது தெரிந்தது. கன்சல்டன்ட் அதைத் திருப்பிப் பார்த்ததாகத் தெரியவில்லை. இனி வகுத்துப் பாருங்கள். அப்போது ஒரு கிலோ துணிக்கு 667 கிராம் நிலக்கரி எரிந்தது. இப்போது 595 கிராம். கிலோவுக்கு 72 கிராம் குறைவு! நீராவி குளிர்ந்து கிடைக்கும் கண்டன்சேட் தண்ணீரைத் திரும்ப பாய்லருக்குக் கொண்டுவர லைன் போட்டதாக எழுதியிருந்தீர்களே, அதன் பலன் இது. பாய்லருக்குள் போகும் ஊட்டுநீரின் வெப்பம் 6 டிகிரி கூடினால் எரிபொருளில் 1 சதவீதம் மிச்சம் என்பது பாய்லர்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. சாதாரணத் தண்ணீருக்குப் பதில் 80, 85 டிகிரியில் கண்டன்சேட் வந்து கலக்கும்போது இவ்வளவு மிச்சப்படுவதில் ஆச்சரியமில்லை.

840 டன் துணியைப் பழைய முறையில் சாயமேற்றியிருந்தால் 560 டன் நிலக்கரி ஆகியிருக்கும். ஆனது 500. மிச்சம் 60 டன் நிலக்கரி, அதாவது 120 டன் கரியமிலம். இது உங்கள் உழைப்பு. யார் வந்து கேட்டாலும் லைனைத் தொட்டுக் காட்டலாம். ஒரே ஒரு விஷயத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்: விறகுக் கணக்கு தாளில் இல்லை. நிலக்கரி குறைந்த அதே காலத்தில் விறகு கூடியிருந்தால், மிச்சத்துக்குக் காரணம் கண்டன்சேட் லைனா, விறகா என்ற கேள்வி வரும். விறகிலிருந்து வரும் கரியமில வாயுவை உயிரிம மூலம் என்று மொத்தத்துக்கு வெளியே தனியாகக் காட்டுவார்கள். மறைக்கக் கூடாது, கூட்டவும் கூடாது, தனி வரி. அதோடு வரும் மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் மட்டும் ஸ்கோப் 1இல் சேரும்.

சரி, நிலக்கரியில் குறைந்த 600 டன்னில் 120 போக மீதி 480 எங்கே? 310 டன் துணி வெளியே போயிற்றே, அதோடு போயிற்று. அந்தப் பட்டறையும் உங்களைப் போலவே கிலோவுக்கு 667 கிராம் எரிக்கிறது என்று வைத்தால் 413 டன். மிச்சம் 67 டன், ஆர்டர் 50 டன் குறைந்ததால் வந்தது.

சகோதரி, இந்த 413 டன் குறையவில்லை. உங்கள் சிம்னியிலிருந்து வந்த புகை பக்கத்துத் தெருவிலிருக்கும் சிம்னியில் வருகிறது, அவ்வளவுதான். அதே துணி, அதே கலர், அதே பையர். ஜாப் வொர்க்கால் குறைந்ததைக் குறைப்பு என்று சொல்வது திருப்பூரில் ஏராளமான பேர் தெரியாமல் செய்யும் தவறு. தெரிந்தே செய்பவர்களையும் பார்த்திருக்கிறேன். வெளியே கொடுத்த வேலையின் உமிழ்வு ஸ்கோப் 3இல் வரும். அதில் மொத்தம் 15 வகை உண்டு, வாங்கிய பொருளும் சேவையும் முதல் வகை. இந்த 413 டன்னை அங்கே காட்டிவிட்டால் உங்கள் கணக்கு நேராக நிற்கும். காட்டாமல் விட்டால், ஒரு டெலிவரி சலானை வைத்தே எவரும் கேட்டுவிடுவார். அந்த ஜாப் வொர்க்காரரிடம் அவருடைய எரிபொருள் கணக்கைக் கேட்டு வாங்க முடிந்தால் இன்னும் நல்லது. அவர் விறகு எரிப்பவராக இருந்தால் எண் மாறும்.

டீசலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மின்வெட்டு குறைந்தது, ஜெனரேட்டர் ஓடுவது குறைந்தது. 48 டன் குறைந்தது உண்மை, எழுதலாம். உங்கள் நடவடிக்கையால் வந்தது என்று மட்டும் எழுத வேண்டாம்.

மின்சாரத்தில் மிஞ்சுவது 3 லட்சம் யூனிட், 210 டன். தையல் மெஷின்களுக்கு சர்வோ மோட்டார் மாற்றியதும் கம்ப்ரஸர் அழுத்தத்தைக் குறைத்ததும் இதில் இருக்கும். விற்ற இரண்டு சாஃப்ட் ஃப்ளோ மெஷின்களின் பம்பு இழுத்த மின்சாரமும் இருக்கும். எது எவ்வளவு என்று பிரிக்க உங்களிடம் தனி மீட்டர் இல்லை. ஆனாலும் வழி உண்டு. மெஷின் வாங்கிய இன்வாய்ஸில் மோட்டாரின் கிலோவாட் இருக்கும், பேட்ச் கார்டில் ஓடிய மணி நேரம் இருக்கும். பெருக்கினால் ஒரு நியாயமான மதிப்பு வரும். எப்படி வந்தது என்பதை எழுதி வையுங்கள். உதாரணத்துக்கு அது 1 லட்சம் யூனிட் என்று வைத்துக்கொண்டால் 70 டன்னும் வெளியே போனதுதான்.

இப்போது கூட்டுவோம். அடிப்படை ஆண்டில் காற்றாலையைக் கழித்தால் 3,107 என்பது 2,757 ஆகிறது. இந்த ஆண்டின் 1,899உடன் வெளியே போன 413, 70 இரண்டையும் சேர்த்தால் 2,382. குறைப்பு 375 டன், 13.6 சதவீதம். ஒரு கிலோ துணிக்கு என்று பார்த்தால் 2.30 கிலோவிலிருந்து 2.07க்கு வந்திருக்கிறது, ஏறத்தாழ 10 சதவீதம். இந்தக் கடைசி எண்ணில் ஆர்டர் குறைந்ததன் சாயல் இல்லை. என்னைக் கேட்டால் உங்கள் கம்பெனியின் உண்மையான முகம் இதுதான்.

39 எங்கே, 13.6 எங்கே என்று மனம் சோர்ந்துவிடாதீர்கள். 1.5 டிகிரி இலக்கோடு ஒத்துப்போக, அறிவியல்சார் இலக்குகளுக்கான அமைப்பான எஸ்பிடிஐ, அடிப்படை ஆண்டிலிருந்து வருடத்துக்கு 4.2 சதவீதம் குறைக்கச் சொல்கிறது. மூன்று வருடத்துக்கு 12.6. ஒரு குடும்பக் கம்பெனி, தனி டிபார்ட்மென்ட் எதுவும் இல்லாமல், அந்த வேகத்துக்குப் பக்கத்தில் வந்திருக்கிறது. இதைத் தலைநிமிர்ந்து சொல்லலாம்.

இனி சர்டிஃபிகேட். ஐஎஸ்ஓ 14064-1 என்பது ஒரு நிறுவனம் தன் உமிழ்வை எப்படிக் கணக்கிட்டு அறிக்கையாக எழுத வேண்டும் என்று சொல்லும் தரநிலை; இப்போது இருப்பது 2018ஆம் ஆண்டுப் பதிப்பு. அந்த அறிக்கையை வெளியாள் எப்படிச் சரிபார்க்க வேண்டும் என்பது 14064-3, 2019 பதிப்பு. சரிபார்த்த பின் வருவது சரிபார்ப்புக் கூற்று என்ற ஆவணம். எல்லோரும் அதை சர்டிஃபிகேட் என்கிறார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். ஆனால் அதில் என்ன எழுதியிருக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள்: இந்த நிறுவனம், இந்த எல்லைக்குள், இந்த ஆண்டுக்கு, இத்தனை டன் என்று அறிவித்திருக்கிறது, அதில் பெரிய பிழை இல்லை. பெரிய பிழைக்கு வரம்பாகப் பெரும்பாலும் மொத்தத்தில் 5 சதவீதத்தை எடுத்துக்கொள்வார்கள். உங்கள் 1,899இல் 5 சதவீதம் 95 டன். ஜாப் வொர்க் 413 டன் ஒன்றே அதைப்போல் நான்கு மடங்கு.

உறுதியின் அளவிலும் இரண்டு படி இருக்கிறது. வரையறுக்கப்பட்ட உறுதி என்றால், 'தவறு என்று சொல்லும்படி எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை' என்று எழுதுவார்கள். நியாயமான உறுதி என்றால், 'சரியாக இருக்கிறது' என்று எழுதுவார்கள். அதற்கு வேலையும் அதிகம், செலவும் அதிகம். முதல் முறைக்கு வரையறுக்கப்பட்ட உறுதி போதும். பையர் எதைக் கேட்கிறார் என்று முதலில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் கணக்கா, ஒரு டி-சர்ட்டின் கணக்கா? டி-சர்ட் என்றால் அது 14067 என்ற வேறு தரநிலை, பஞ்சிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இல்லை, ஆலையின் சுற்றுச்சூழல் செயல்பாட்டை அளக்கும் ஹிக் எஃப்இஎம் மதிப்பீட்டின் சரிபார்ப்பைத்தான் 'கார்பன் சான்று' என்று சொல்கிறாரா? ஆடைத் தொழிலில் பாதிக் குழப்பம் இந்த வார்த்தையில்தான் வருகிறது. ஐரோப்பிய எல்லை கார்பன் வரி என்று யாராவது பயமுறுத்தினால் பயப்பட வேண்டாம். சிமென்ட், இரும்பு எஃகு, அலுமினியம், உரம், மின்சாரம், ஹைட்ரஜன் ஆகியவற்றோடு தொடங்கியது அது. ஆடை அந்தப் பட்டியலில் இல்லை.

கணக்குப் போட்டவரே சரிபார்ப்பையும் ஏற்பாடு செய்கிறேன் என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். வினாத்தாள் எழுதியவர், விடை எழுதியவர், திருத்துபவர் மூவரும் ஒருவராக இருக்கக் கூடாது. சரிபார்க்கும் நிறுவனத்துக்கு 14065 தரநிலைப்படி அங்கீகாரம் இருக்க வேண்டும். இந்தியாவில் அதை வழங்குவது இந்தியத் தரக் குழுவின் கீழ் இயங்கும் என்ஏபிசிபி. அந்த அங்கீகாரம் எந்தத் துறைக்கு, எந்தத் தேதிவரை என்றும் பாருங்கள். உங்கள் கணக்கைத் தயாரிப்பதில் அவர்களுக்கு எந்தப் பங்கும் இருந்திருக்கக் கூடாது. பதினைந்து நாளில் முடிகிற வேலை என்றால், பாய்லர் ரூமுக்குள் யாரும் வரப்போவதில்லை என்று அர்த்தம்.

டேகில் 'கார்பன் நியூட்ரல்' என்று அச்சடிப்பது வேண்டவே வேண்டாம். நுகர்வோரைப் பசுமை மாற்றத்துக்கு வலுப்படுத்தும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024/825 எண் கொண்ட ஆணை 2026 செப்டம்பர் 27 முதல் பொருந்தும். வெளியே கிரெடிட் வாங்கி ஈடுகட்டியதை வைத்து, ஒரு பொருளால் சூழலுக்குப் பாதிப்பில்லை, பாதிப்பு குறைவு என்றெல்லாம் நுகர்வோரிடம் சொல்வதை அது தடை செய்கிறது. ஜெர்மனியில் கடை வைத்திருக்கும் உங்கள் பையருக்கு அது நேரடியாகப் பொருந்தும். நீங்கள் அச்சடித்த டேகை அவர் பிரித்துப் போட வேண்டிவந்தால் அந்தச் செலவு யார் தலையில் விழும் என்று உங்களுக்கே தெரியும். இங்கேயும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் பசுமைப் பொய் விளம்பரங்களுக்கு எதிராக வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. கிரெடிட் வாங்கும் பணத்தில் சாயப்பட்டறைக்குத் தனி மின் மீட்டரும், நீராவிக்கு ஃப்ளோ மீட்டரும் போடுங்கள்.

சரிபார்க்க வருபவர் என்ன பார்ப்பார்? ஏதாவது ஒரு மாதத்தைச் சொல்வார். அக்டோபர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாத நிலக்கரிக் கொள்முதல் பில், லாரி ஒவ்வொன்றுக்கும் எடைமேடைச் சீட்டு, மாதத் தொடக்கத்தில் யார்டில் இருந்த இருப்பு, முடிவில் இருந்த இருப்பு, பாய்லர் ஆபரேட்டரின் லாக் புத்தகம். இவை ஐந்தும் ஒன்றோடொன்று பேச வேண்டும். நிலக்கரியின் கலோரி மதிப்புக்கு லேப் ரிப்போர்ட் இருக்கிறதா என்று கேட்பார். நீங்கள் வைத்திருக்கும் 'டன்னுக்கு 2 டன்' என்பது ஏறத்தாழ 5,000 கிலோ கலோரி நிலக்கரிக்குப் பொருந்தும். உங்களுக்கு வருவது 4,200 ரகமாக இருந்தால் எண் குறையும். மழைக்கால லாரியில் தண்ணீரின் எடையும் சேர்ந்துதான் வரும், ஈரப்பத அறிக்கை இருந்தால் அதையும் வையுங்கள்.

இந்த இருப்புக் கணக்கைப் பற்றி அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பிராசசிங் மில்லில் நிலக்கரி கால் பங்கு குறைந்துவிட்டது என்று அறிக்கை எழுதிக் கொடுத்தேன். கொள்முதல் பில் எல்லாம் சரியாக இருந்தது. மறு வருடம் போனபோது பாய்லர் ஆபரேட்டர், வயதானவர், தார்ப்பாய் போட்டு மூடிய யார்டைக் காட்டி, "விலை ஏறும்னு முந்தின மார்ச்சுலயே வாங்கிக் கொட்டிட்டாங்க சார், போன வருசம் முச்சூடும் அதத்தான் எரிச்சோம்" என்றார். எரித்தது குறையவே இல்லை, வாங்கியதுதான் குறைந்திருந்தது. அந்த அறிக்கையைத் திரும்பப் பெற்றுத் திருத்திக் கொடுத்தேன். அன்றிலிருந்து எந்த ஆலைக்குப் போனாலும் ஆபீஸுக்குள் நுழைவதற்கு முன் யார்டுக்குப் போகிறேன்.

தாளில் இல்லாத இன்னொன்று ஏசி கேஸ். ஆபீஸ், சாம்பிள் ரூம், சர்வர் ரூம் ஏசிகளுக்கு வருடத்தில் எத்தனை கிலோ கேஸ் நிரப்பினார்கள் என்று மெக்கானிக்கின் சர்வீஸ் பில்லில் இருக்கும். ஆர்-410ஏ கேஸ் கரியமில வாயுவைப்போல் 2,000 மடங்குக்கும் மேல் வெப்பம் பிடிக்கும். 10 கிலோ கசிந்தால் 20 டன்னைத் தாண்டும், சுமார் 7,500 லிட்டர் டீசல் எரித்ததற்குச் சமம். சின்ன பில் என்று விட்டுவிடாதீர்கள்.

கழிவுநீரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன நாளிலிருந்து திருப்பூர் கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாமல் சுத்திகரிக்கும் கட்டாயத்தில் வேலை செய்கிறது. ஆர்ஓ, எவாப்பரேட்டர், உப்பு மீட்பு எல்லாம் மின்சாரத்தையும் நீராவியையும் குடிக்கும். நொய்யலுக்காக நாம் சுமக்கும் இந்தச் சுமை, வேறு நாட்டு ஆலையோடு கிலோவுக்கு இத்தனை என்று ஒப்பிடும் பையரின் அட்டவணையில் தெரியாது. அறிக்கையில் தனிப் பத்தியாக எழுதுங்கள். உங்கள் சொந்தச் சுத்திகரிப்பு என்றால் அதன் மின்சாரத்தைத் தனியாகக் காட்டுங்கள். பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் உறுப்பினர் என்றால் அவர்களிடம் ஒரு கன மீட்டருக்கு எத்தனை யூனிட் என்று கேட்டு ஸ்கோப் 3இல் சேருங்கள். எண் கொஞ்சம் கூடும். கூடட்டும். ஒரு நதியை அழுக்காக்காமல் இருப்பதற்கு இவ்வளவு ஆகிறது என்பதைத் துணி வாங்குகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

கடைசியாக அந்த மெயில். உங்கள் கடிதத்தில் உண்மையான பயம் அதுதான் என்று நினைக்கிறேன். அப்பா சொன்ன வார்த்தையை மகள் திருத்துவதா என்ற தயக்கமும் அதில் இருக்கும். அப்பாவிடம், 'நீங்கள் தப்பாகச் சொல்லிவிட்டீர்கள்' என்று ஆரம்பிக்காதீர்கள். காற்றாலையைப் பற்றிக் கேட்டு ஆரம்பியுங்கள். 2005இலேயே காற்றாலை போட்ட மனிதர் அவர். அதை மூன்று வருடக் குறைப்புக்குள் அடக்கிவிட்டால் அவருடைய முன்யோசனைக்குத்தான் குறைவு. 'அப்போதிருந்தே எங்கள் மின்சாரத்தில் கால் பங்கு காற்றிலிருந்து வருகிறது' என்று அறிக்கையின் முதல் பக்கத்தில் போடலாமே, 39ஐவிட அது கனமான வாக்கியம் இல்லையா?

பையருக்கு நீங்களே முந்திக்கொண்டு எழுதுங்கள், சரிபார்ப்பவர் கண்டுபிடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "முன்பு தெரிவித்த 39 சதவீதம் முதல்கட்டக் கணக்கு. காற்றாலை மின்சாரத்தை அடிப்படை ஆண்டிலும் கழித்தும், வெளியே கொடுத்த சாய வேலையைச் சேர்த்தும் மறுகணக்குச் செய்தோம். திருத்திய எண் சுமார் 14 சதவீதம். ஒரு கிலோ துணிக்கு 10 சதவீதம். இதை அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தின் சரிபார்ப்புக்குக் கொடுக்கிறோம்." உங்கள் சரியான எண் கையில் வந்த பின் அனுப்புங்கள், என் எண்கள் நீங்கள் தந்த தாளையும் சில ஊகங்களையும் வைத்தவை. இப்படி எண்ணைத் தாங்களே திருத்தி எழுதிய மூன்று கம்பெனிகளை எனக்குத் தெரியும். மூவருக்கும் ஆர்டர் கைவிட்டுப் போகவில்லை. ஒருவரிடம் பையர், ஜாப் வொர்க் கணக்கை எப்படி எடுத்தீர்கள், எங்கள் மற்ற சப்ளையர்களுக்கும் சொல்லித் தர முடியுமா என்று கேட்டார்.

மூன்று மாதம் போதும், நாளைக்கே ஆரம்பித்தால். முதல் வாரம் 2021-22 ஏப்ரலிலிருந்து பன்னிரண்டு மாத உயரழுத்த பில்லையும் சரிக்கட்டல் பக்கத்தோடு எடுத்து வையுங்கள். ஜாப் வொர்க் சலான்களை எடையோடு ஒரே தாளில் ஏற்றச் சொல்லுங்கள். பாய்லர் லாக் புத்தகங்கள் பழைய பேப்பர்காரருக்குப் போய்விடாமல் உங்கள் மேஜைக்கு வரட்டும். காற்றாலை ஒப்பந்தத்தின் நகல் கிடைத்ததும் எனக்கு அனுப்புங்கள். அதில் விற்பனை என்று இருக்கிறதா, சொந்த உபயோகம் என்று இருக்கிறதா என்பதைப் பார்த்த பிறகுதான் அந்த 350 டன்னைப் பற்றி நான் உறுதியாகச் சொல்ல முடியும்.